சூலம் கிழக்கு, பரிகாரம் தயிர்

காலையில் பெருமாளுக்கு விளக்கேற்றிவிட்டு நாட்காட்டித் தாளைக் கிழித்தேன். திங்கட்கிழமை. அடியில் பொடி எழுத்தில், சூலம் கிழக்கு, பரிகாரம் தயிர். எதிர்வீட்டிலிருந்து நீயே பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது.

இவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நேற்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சிகாகோவில் இருக்கும் பிள்ளைக்குச் சொல்லிவிடும்படி சொன்னார்.

உன் பிள்ளையும் அதே ஊரில்தானே இருந்தான். நீ படுத்த படுக்கையாக இருந்தபோது, எதிர்வீட்டிலிருந்து வந்து உன் கட்டிலோரம் உட்கார்ந்து போனில் தேடிப் பார்த்தேன். அங்கிருந்து திருச்சிக்குப் பதினாலாயிரம் கிலோமீட்டர், பறக்கப் பதினேழு மணி நேரம் என்றது. "அவ்வளவுதானே, ஓடி வந்துடுவான்" என்றாய். வரவு செலவு எழுதிப் பழகிய எனக்கு அந்தக் கூட்டலில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று பட்டது. அப்படி நேராக வருகிற விமானமே இல்லை. நடுவில் இறங்கி, காத்திருந்து, வேறொன்றில் ஏற வேண்டும்.

அவன் திங்கட்கிழமைக்குத்தான் டிக்கெட் பார்த்தான். கிழக்கே சூலம், கிளம்பாதே என்று நீ தடுத்தாய். விமானம் முதலில் வடக்கேதான் போகும் என்று அவன் போனில் சிரித்தான். வந்து சேருகிற இடம் கிழக்குதானே என்று நீ விடவில்லை. தயிர் சாப்பிட்டுவிட்டு ஏறட்டுமே என்று நான் சொன்னதற்கு, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாய்: "போடி, சமயபுரம் போறதுக்குத் தயிர் போறும். சமுத்திரம் தாண்டறதுக்குப் போறுமா?"

சிரித்துவிட்டோம். அவன் மறுநாள் கிளம்பினான்.

அவன் ஆகாயத்தில் இருக்கும்போதே நீ போய்விட்டாய். நம் தெரு வழக்கம் உனக்குத் தெரியாததா? உடல் கிடக்கும்வரை எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டுவதில்லை, தெருக்கோடிச் சன்னிதியும் திறப்பதில்லை. அவனோ நடுவழியில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டான். குழந்தைகள் பசியில் அழுதன. பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார்கள். கடைசியில் உன் கொழுந்தனார் கொள்ளி வைத்தார். காவிரியில் முழுகி ஈர வேட்டியோடு திரும்பியவர்களுக்கு எதிரே, தெருமுனையில், உன் பிள்ளையின் டாக்ஸி வந்து நின்றது. இறங்கியவன் ஈர வேட்டிகளைப் பார்த்துவிட்டு, பெட்டியை டாக்ஸியிலேயே விட்டுக் காவிரிப் பக்கம் நடந்தான்.

இன்று என் பிள்ளையைக் கூப்பிட்டேன். அவனுக்கு விடிந்தால் திங்கள். அதே தூரம்.

"உடனே டிக்கெட் போடட்டுமா, இல்ல சூலம் பார்க்கணுமா?" என்றான். அவனும் மறக்கவில்லை.

"ஒரு வாய் தயிர் சாப்பிட்டுட்டு ஏறுடா."

"ஏர்போர்ட்டுல தயிருக்கு எங்கம்மா போறது?"

"கிடைக்கலேன்னாலும் ஏறிடு."

ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொதிக்கிறது. தலைக்கு மேல் ஒரு விமானம் தாழ்ந்து போகிறது. தெருவில் வீட்டுக்கு வீடு தாளிக்கிற வாசனை. நீ போன அன்றிலிருந்து இந்த வாசனையை நான் சும்மா முகர்ந்ததில்லை. அவன் வந்து இறங்கும்வரை இது நிற்காமல் இருக்க வேண்டும் என்று பெருமாளைக் கேட்டுக்கொண்டு, அடுப்படியிலேயே நிற்கிறேன்.