நடுவில் விளக்கு போட்டுவிட்டேன்

என் ஆசை அக்கா,

இந்த வருடம் நம் வீட்டில் தீபாவளி இல்லை. துக்கம் கழியவில்லை என்று அப்பா முறுக்குக்குக்கூட மாவு வாங்கவில்லை. ஆனால் பள்ளி மண்டபத்தில் அரிசிக் கோலம் உண்டு. அதற்கு என்னைத் தலைவியாகப் போட்டார்கள். உன் தங்கை என்பதால்தானே?

வகுப்பில் கையைத் தூக்கவே தயங்குகிறவள் நான். நீ மண்டபமே அதிர வேலை வாங்குவாய். நான் பக்கத்தில் கோலம் வரைந்த தாளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இப்போது தாளும் என் கையில், எல்லோருடைய பார்வையும் என் மேல்.

"பள்ளிக்கூடத்துக்குத்தானே, போடு" என்றார் அம்மா. அரிசிக்குச் சாயம் ஏற்ற உதவியும் செய்தார். ஊதாவை மட்டும் நானே கலந்தேன், உன் நிறம் என்பதால். வெயிலில் அது காயும்வரை அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

பெரிய தாமரை, நடுவில் குத்துவிளக்கு. குழுவில் ஆளுக்கு ஓர் இதழ் பிரித்துக் கொடுத்தேன். ஊதா இதழை யாரையும் தொடவிடவில்லை. கோலத்தை நடுவில் தொடங்கி வெளியே வரவேண்டும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் நடு விளக்கை எப்போதும் நீதான் போடுவாய். அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இதழ்களிலிருந்து தொடங்கச் சொன்னேன்.

இதழ்கள் எல்லாம் நிறைந்தன. நடுவில் வெறும் சிமெண்டுத் தரை. கால் வைக்க இடமே இல்லை.

"அலமாக்!" என்று தலையில் கைவைத்தான் எங்கள் குழுவில் இருந்த பிரகாஷ். "விளக்குக்கு யாரு பறந்து போறது? ஹெலிகாப்டர் கூப்பிடலாமா லா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் வகுப்புத் தோழி ஷாலினி மட்டும் மெதுவாக, "உங்கக்கா இருந்திருந்தா..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஓடிவிடலாம் போலிருந்தது, அக்கா. ஓய்வு மணி அடித்ததும் பள்ளியே பார்க்க வந்துவிடும். நீ என்ன சொல்லியிருப்பாய் என்று யோசித்தேன். உன் குரல் கேட்கவே இல்லை. என் குரல்தான் வந்தது, கொஞ்சம் கீச்சென்று.

"ஒரு இதழை எடுத்துடலாம். வழி கெடைக்கும்."

"யாரோடது?" என்று கேட்டுக்கொண்டே பிரகாஷ் தன் இதழின் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றான்.

"என்னோடது."

ஊதா அரிசியை நானே அட்டையால் வழித்தெடுத்தேன். பக்கத்து மஞ்சளும் கொஞ்சம் சரிந்து கலந்துவிட்டது. அந்தக் குறுகிய வழியில் வெறுங்காலோடு உள்ளே போய், குனிந்து அரிசியால் விளக்கைப் போட்டேன். சுடர் கொஞ்சம் கோணல்தான். பின்பக்கமாகவே நகர்ந்து வெளியே வந்தேன்.

கலந்துபோன அரிசியைப் பார்த்து எனக்கு அழுகை முட்டியது. வேறு ஊதா இல்லை. "ஷாலினி, நீ சொல்லு. எப்படி நிரப்பலாம்?" என்றேன்.

அவள் திகைத்தாள். "நானா?" பிறகு குனிந்து பார்த்தாள். "மஞ்சளப் பொறுக்க வேணாம். இன்னும் கொஞ்சம் தூவுவோம், மகரந்தம் மாதிரி. டேய் பிரகாஷ், ஓரத்த நீ பிடி. சீக்கிரம் லா!" அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

எல்லோருமாக நிரப்பினோம். மணி அடித்தது. வந்தவர்கள் அந்த இதழின் அருகில்தான் அதிகமாக நின்றார்கள். அது உன் நிறமாக மட்டும் இல்லை என்பதில் உனக்கு வருத்தமா? எனக்கு இல்லை. ஏனென்று இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அப்படிக் கத்தி வேலை வாங்கினாயே, உனக்கும் உள்ளுக்குள் பயம் இருந்ததா?

அடுத்த வருடம் நம் வீட்டு வாசலிலும் கோலம் உண்டு. அம்மாவையும் கூட்டி உட்காரவைப்பேன். நடுவிலிருந்தே தொடங்குவேன், அக்கா. இது சத்தியம்.

இனி தாளை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காத
உன் தங்கச்சி