மாடி நர்ஸ் என் கட்சிக்காரர்

என் சிட்டுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், உன் இருமல் விட்டதென்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் சௌக்கியமாக இருப்போம். அப்பா தூங்கிவிட்டார், நான் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். உங்கள் சட்டக் கல்லூரி மாதிரி நீதிமன்றப் போட்டியில் வீட்டுக்காரர் பக்கம் பேச உனக்குச் சீட்டு விழுந்துவிட்டது, வயதான குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல்லி வாதாட மனசு வரவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் பெயரை எடுத்துவிடுகிறேன் என்று அழுதாய். நானும் எடுத்துவிடு என்றேன். வக்கீலாகி நெஞ்சு கல்லாகிவிடுமோ என்று எனக்குப் பயம். அதற்கப்புறம் இங்கே ஒன்று நடந்தது, கேள்.

சமையலறைச் சுவர் ஊறிப்போய்ச் சுண்ணாம்பு உதிர்கிறதல்லவா, மாடி நர்ஸின் வாஷிங் மெஷின்தான் காரணம் என்று அப்பா முடிவே கட்டிவிட்டார். வீட்டுக்காரரிடம் சொல்லி அந்தப் பெண்ணைக் காலி பண்ண வைக்கிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எனக்கும் சந்தேகம் அவள்மேல்தான். ஆனால் எதிராளியே கேட்டு மெச்சும்படி முதலில் அவர் வாதத்தை எழுது, அப்புறம் உன்னுடையதை எழுது என்று உன் பேராசிரியை சொன்னதாகச் சொன்னாயே, அது நினைவு வந்தது. வாசலில் மறித்து, அவளுக்கு நான்தான் வக்கீல் என்றேன். மெஷின் ஓடும்போது சுவரில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்தீர்களா என்றால், பார்க்கவில்லை, ஆனால் தெரியும் என்கிறார். அவள் பயிற்சிக்குப் போய் மாடி பூட்டிக் கிடந்த வாரம் சுவர் காய்ந்ததா என்றேன். காயவில்லைதான் என்று சட்டைப் பித்தானைத் திருகினார். "நீ யாரு வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு யாருக்குப் பேசுற?" என்றார். "நான் ஆக்குன சோத்தைத்தான்" என்றேன். மறுநாள் பிளம்பர் டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்தால் நம் வீட்டுக் குழாயே இற்றுப்போயிருக்கிறது. அப்பா சாயங்காலம் மாடிக்குப் போய் அவள் வீட்டுக் கிறீச்சிடும் கதவுக்கு எண்ணெய் போட்டுவிட்டு வந்தார். எதற்கென்று அவளுக்கு இன்னும் புரியவில்லை, சார் தங்கமான மனுஷர் என்கிறாள்.

அதனால் நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். வீட்டுக்காரருக்காகப் பேசினால் உன் மனசு ஒன்றும் கெட்டுவிடாது, அந்தப் பெரியவரைக் காப்பாற்ற எங்கே வழி இருக்கிறது என்பதும் அப்போதுதான் உன் கண்ணில் படும். நாளைக்கு நிஜமாகவே ஒரு பெரியவர் உன்னைத் தேடி வந்தால், எதிரே என்ன பேசுவார்கள் என்று தெரியாத வக்கீலை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? பெயர் இருக்கட்டும். இதற்கு மேலும் ஒப்பவில்லை என்றால் இரண்டு பக்கத்தையும் எழுதிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல், அழுதுகொண்டு சொல்லாதே. கறுப்புக் கோட்டின் கையை ஓர் அங்குலம் இறக்கித் தைத்து அனுப்பியிருக்கிறேன், போட்டுப் பார்த்துச் சொல். வெந்நீர் குடி, கழுத்தை மூடிக்கொண்டு படு. எங்கே நின்று பேசினாலும் உன் குரல் நடுங்காமல் இருக்கட்டும், நீ நன்றாக இருப்பாய்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா

பி.கு: அப்பா ஒன்று எழுதச் சொன்னார். அவர் வாதத்தில் தோற்கவில்லையாம், குழாய்தான் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டதாம்.