ஆடும் முள்ளுக்கு எந்த எண்

ஐப்பசி 12, புதன்

அப்பா கடலோர அணுமின் நிலையத்தில், குளிர்விக்கும் தண்ணீர் பம்புகளைப் பார்த்துக்கொள்கிறார். ஒப்பந்த வேலை. மணிக்கொரு முறை அழுத்தமானியைப் பார்த்து நோட்டில் குறிக்க வேண்டும். இரண்டு நாளாக முள் ஆடுகிறது என்று நேற்று போனில் சொன்னார்.

"ஆடினா எந்த நம்பர எழுதுவீங்க?"

"நடுவுல உள்ளத. எல்லாரும் அப்படித்தான் எழுதுறோம்."

"அப்ப நோட்டப் பாக்குறவங்களுக்கு முள் ஆடுனதே தெரியாதேப்பா?"

"நீடாமங்கலத்துல ஒக்காந்துக்கிட்டு எனக்கு இன்ஸ்பெக்‌ஷனா?" என்று சிரித்தார்.

இன்று மாலையும் பேசினார். காலையிலிருந்து மேல் எண், கீழ் எண் இரண்டையும் எழுதியிருக்கிறார். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும், "ஒரு நம்பர் எழுதத் தெரியாதாய்யா?" என்று கேட்டாராம். அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கச் சொல்ல வேண்டியவர் அந்த சூப்பர்வைசர்தான்.

"அப்புறம் எப்படி எழுதுனீங்க?"

"முள்ளு இன்னும் ஆடுதே. ரெண்டையுந்தான்."

நடவு முடிந்து அப்போதுதான் வந்த அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். சேற்றுக் கையோடு போனை வாங்கினாள். "அவதான் சின்னப் புள்ள. நாளையிலேர்ந்து ஒண்ணே எழுதுங்க" என்றாள்.

அப்பா சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. அம்மாவிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.