மூன்றாவது முறை கேட்காத டாக்டர்

மார்ச் 11, செவ்வாய்

எனக்கு நடந்த தவறு இதுதான்: டாக்டர் டாப்னி என்னிடம் ஒரே ஒரு முறைதான் கேட்டார்.

நாளைக்கு யாரும் இதை மாற்றிச் சொல்லக்கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன். சினைப்பையில் இருந்த புற்று போன வருஷம் போயிற்று, ஜனவரியில் திரும்பி வந்தது. மறுபடியும் கீமோ. மருந்து ஏறிய மறுநாளிலிருந்து நான் ஆளாகவே இருப்பதில்லை. செம்மறிகள் குட்டி போடுகிற மாதம் இது. கொட்டகையில் நான் நின்றாக வேண்டும். நூறு வயது வாழ வேண்டும் என்று யாரிடமும் கேட்கவில்லை. நிற்கக் கால் வேண்டும், அவ்வளவுதான்.

என் சிநேகிதி ஆர்டித்துக்கு மார்பில் புற்று. அவள் வாரா வாரம் நகரத்துக்குப் போய் வைட்டமின் சி-யைப் பெரிய அளவில் நரம்பு வழியாக ஏற்றிக்கொள்கிறாள். போன ஞாயிறு தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் ஐம்பது பேருக்குப் பாத்திரம் கழுவினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனவே நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்துப் பழக்கம் உண்டு. கால்நடை டாக்டர் வந்து சேர்வதற்குள் ஆடு செத்துவிடும் தூரம் இது. ஆட்டு வைத்தியம் முழுவதும் நானே படித்துக் கற்றதுதான்.

இன்று டாக்டரிடம் அந்த வைட்டமினைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். “எங்க மருந்தாளுநர்கிட்ட இதைப் பத்திப் பேச ஏற்பாடு பண்ணட்டுமா, மிஸஸ் ப்ரெக்கன்?” என்றார்.

“அதெல்லாம் எதுக்கு. உங்களுக்கு வீண் சிரமம்.”

“சரி,” என்று மடிக்கணினியை மூடிவிட்டார்.

மூடிவிட்டார். ஏழு வருஷமாக வடக்கு டகோட்டாவில் இருக்கிறார். தெற்கே ஜார்ஜியாக்காரர்தான், இருக்கட்டுமே. ஏழு வருஷம் போதாதா? என் வீட்டுக்காரர் எல்மர் யார் வீட்டுக்குப் போனாலும், காபி வேண்டுமா என்றால், இப்போதுதான் குடித்தேன் என்பார். கொஞ்சமாவது என்றால், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பார். மூன்றாவது தடவை கேட்டால், சரி, அரைக் கோப்பை. பிறகு உட்கார்ந்து இரண்டு கோப்பை குடிப்பார். இந்த மாவட்டத்தில் சின்னக் குழந்தைக்கும் இது தெரியும்.

மார்ச் 12

இன்னும் கோபம் போகவில்லை.

மார்ச் 15, சனி

ஆர்டித் வந்தாள். உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டு வேகவைத்த பாத்திரம் ஒன்று, அதன் மேல் எலுமிச்சை இனிப்பு ஒரு தட்டு. எனக்கு இரண்டின் வாசனையும் ஆகவில்லை. சொல்லவில்லை.

“கொட்டகைக்கு யார் போறா?”

“நான்தான்.”

“உன் மூஞ்சிய கண்ணாடியில பாத்தியா? ஆடுங்க பயந்துக்கப் போகுது.”

“அதுங்களுக்கு என் மூஞ்சி பழக்கம்.”

“வியாழக்கிழமை என்கூட வா, சோல்வே. பக்கத்து நாற்காலி காலியாத்தான் இருக்கும். ஊசி போடற கோல்பி தங்கமான ஆளு.”

“வேண்டாம், உனக்கு எதுக்கு—”

“வண்டில இடம் இருக்கு.”

“பெட்ரோல் செலவு.”

“எப்படியும் போறேன்டி. ஏறி உக்காரு.”

சரி என்றேன். பார்த்தீர்களா டாக்டர், இவ்வளவுதான் வேலை.

போகும்போது வாசலில் நின்று கேட்டாள்: “நல்லாத்தானே இருக்கே?”

மோசமில்லை என்றேன். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் திங்கட்கிழமை விழுந்ததை அவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? நானாகத்தான் எழுந்தேன். தாமதமாயிற்று. ஆனால் எழுந்தேன்.

மார்ச் 20, வியாழன்

நகரத்துக்குப் போய் வந்தோம். எப்படி எழுதுவது.

இடம் சுத்தமாக இருந்தது. சாய்ந்து படுக்கும் நாற்காலிகள், ஜன்னலில் செடிகள், கம்பியில் தொங்கும் மஞ்சள் பைகள். கோல்பிக்கு நாற்பது வயது இருக்கும். நல்ல கை, இதமான குரல். ஆர்டித்துக்கு வலிக்காமல் ஊசி போட்டார். பிறகு என் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“கிட்னி எப்படி இருக்கு?”

“மோசமில்லை.”

“அருமை,” என்று என் கையைத் துடைக்க ஆரம்பித்தார்.

“ரத்தம் பாக்க மாட்டீங்களா?” என்று கேட்டேன். “இந்த மருந்து இந்த அளவுக்குப் போனா கிட்னி தாங்கணும்னு படிச்சேன். அப்புறம் ஒரு என்சைம், அது உடம்புல குறைவா இருக்கறவங்களுக்கு சிவப்பணு உடைஞ்சு போகுமாமே.”

“அதெல்லாம் ரொம்ப அபூர்வம். நீங்கதான் நல்லா இருக்கேன்னு சொல்றீங்களே.”

நான் எங்கே நல்லா இருக்கேன்னு சொன்னேன்? மோசமில்லைன்னு சொன்னேன். ரெண்டும் ஒண்ணா?

கையை இழுத்துக்கொண்டேன். எனக்கு அந்தத் தாது உப்பு மூட்டை ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் எல்மரின் தம்பி மாட்டுக்கு வாங்கிய உப்பைச் செம்மறிகளுக்குப் போட்டான். மாடு அதில் கொழுத்தது. ஆடுகள் அதிலிருந்த தாமிரம் தாங்காமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. மூட்டையில் குற்றமில்லை. யாருக்குப் போடுகிறோம் என்று யாரும் பார்க்கவில்லை.

எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டேன்.

“உக்காருடி, மானத்தை வாங்காதே,” என்றாள் ஆர்டித், கையில் ஊசியோடு.

“உனக்கு ரத்தம் பாத்தாங்களா?”

“எனக்கு என்ன கேடு?”

“அதைத்தான் கேக்கறேன்.”

அவள் பை காலியாகும் வரை வண்டியில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரும்போது ரேடியோவை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தோம்.

மார்ச் 21

ஒருத்தர் என் ‘வேண்டாம்’ என்பதை அப்படியே எடுத்துக்கொண்டார். இன்னொருத்தர் என் ‘மோசமில்லை’ என்பதை அப்படியே எடுத்துக்கொண்டார். படித்தவர்கள்.

மார்ச் 23, ஞாயிறு

மகன் லோரன் தொலைபேசியில் கூப்பிட்டான். ஆர்டித் தேவாலயத்தில் அவன் மனைவியிடம் சொல்லிவிட்டாளாம்.

“அம்மா, ஆரஞ்சுப் பழச்சாறை ஊசில ஏத்திக்கப் போனியாமே.”

“ஏத்திக்கலை.”

“நல்லது. அதெல்லாம் ஏமாத்து வேலை.”

“படிச்சியா?”

“இதுக்கு எதுக்குப் படிக்கணும்?”

“அப்ப வாயை மூடு. கீமோவோட சேத்து சில பேருக்கு இந்த வைட்டமினைக் குடுத்துப் பாத்திருக்காங்க. சோர்வு குறைஞ்சுதுன்னு சொல்றவங்க இருக்காங்க. கட்டி கரையும்னு நிரூபிச்சவங்க இல்ல. ரெண்டையும் படிச்சேன். நீ ஒண்ணையும் படிக்கலை.”

பிறகு, “ஆடுங்க குட்டி போடறப்ப ஒத்தாசைக்கு நான் வரட்டுமா?” என்றான்.

“உனக்கே வேலை கிடக்கு.”

“சரிம்மா. உடம்பு எப்படி?”

“மோசமில்லை.”

வைத்துவிட்டான். என் வயிற்றில் பிறந்தவனே ஒரு தடவைதான் கேட்கிறான்.

மார்ச் 25, செவ்வாய்

கீமோ நாள். மருந்து ஏறவில்லை.

நான் வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போதே முடிவு பண்ணியிருந்தேன். டாக்டர் உள்ளே வந்ததும் சொன்னேன்: “அன்னைக்கு நான் வேண்டாம்னு சொன்னது வேண்டாம் இல்ல.”

“அப்ப அது என்ன?”

“முதல் தடவை.”

அவருக்கு விளங்கவில்லை. காபி விஷயத்தைச் சொன்னேன். எல்மரின் அரைக் கோப்பையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் மெதுவாக மடிக்கணினியை ஓரமாகத் தள்ளினார். “ஏழு வருஷமா இங்க யாரும் எனக்கு இதைச் சொல்லலை,” என்றார். “நானும் எல்லாரையும் ஒரு தடவைதானே கேட்டிருக்கேன்.”

“ஆமாம்.”

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. அதற்கு நான் ஆறுதல் சொல்லவில்லை.

பிறகு மருந்தாளுநரை அறைக்கே வரவழைத்தார். இரண்டு பேரும் மறைக்காமல் பேசினார்கள். இது புற்றைக் குணமாக்கும் என்று சொல்ல முடியாது. சோர்வுக்கு உதவலாம், உதவாமலும் போகலாம், நடந்த ஆய்வுகள் சின்னவை. என்சைம் பார்க்காமல் கூடாது, கிட்னி பார்க்காமல் கூடாது, கீமோ மருந்தோடு ஒத்துப்போகிறதா என்று அவர்களுக்குத் தெரியாமல் கூடவே கூடாது. நான் படித்ததற்கும் அவர்கள் சொன்னதற்கும் அதிகம் வித்தியாசமில்லை. இதைப் பதினோராம் தேதியே பேசியிருக்கலாம்.

ரத்தம் எடுத்தார்கள். என்சைம் முடிவு வர நாளாகுமாம். கிட்னி முடிவு உடனே வந்தது. டாக்டர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“போன தடவை நல்லா இருந்தது. இப்ப ரொம்ப இறங்கியிருக்கு. வாந்தி இருக்கா?”

“மோசமில்லை.”

அவர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்தார். “வாந்தி இருக்கா, மிஸஸ் ப்ரெக்கன்?”

“எல்லாருக்கும் இருக்கறதுதானே.”

“இது மூணாவது தடவை,” என்றார். “வாந்தி இருக்கா?”

நான் என்ன செய்ய? என்னுடைய வழக்கத்தாலேயே என்னை மடக்கிவிட்டார்.

சொன்னேன். தண்ணீர்கூட உள்ளே தங்குவதில்லை என்று. இனிப்பு வாசனைக்கே குமட்டுகிறது என்று. தொட்டிப் பக்கத்தில் விழுந்து, பெண் ஆடு ஒன்றின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்ததையும் சொன்னேன். குரல் கொஞ்சம் போய்விட்டது. அந்த ஆட்டைப் பற்றிச் சொல்லும்போதுதான், வேறு எதற்கும் இல்லை.

உடம்பில் நீர் வற்றித்தான் கிட்னி இப்படி ஆகியிருக்கிறது என்றார் டாக்டர். கீமோ தள்ளிவைப்பு. வைட்டமின் இப்போது பேச்சே இல்லை. இந்தக் கிட்னியோடு அந்த அளவு ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லி முடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கோல்பியின் பஞ்சு பட்ட இடம் ஞாபகம் வந்தது, ஈரமாக.

ஜன்னலோர நாற்காலியில் படுக்கவைத்து ட்ரிப்ஸ் போட்டார்கள். மஞ்சளும் இல்லை, வைட்டமினும் இல்லை. வெறும் உப்புத் தண்ணீர். பை பாதி இறங்கும்போது எனக்குப் பசித்தது.

அப்படி ஒரு பசி.

மார்ச் 29, சனி

வாந்திக்குப் புது மாத்திரை. ரொட்டி, வெண்ணெய், வேகவைத்த முட்டை. தங்கிற்று.

ஒரு ஆட்டுக்கு இரட்டைக் குட்டிகள். நின்றுகொண்டே இழுத்தேன்.

ஏப்ரல் 1

டாக்டரே கூப்பிட்டார். என்சைம் சரியாக இருக்கிறது. கிட்னி தேறுகிறது, இன்னும் போதாது. நாளை கீமோ, குறைந்த அளவில்.

ஆர்டித்தைக் கூப்பிட்டு என் கிட்னி விஷயத்தைச் சொன்னேன். “ரத்தம் பாத்துக்கோ, வியாழக்கிழமைக்கு முன்னாடி.”

“உன் கிட்னி கெட்டுதுன்னா என் கிட்னியுமா கெட்டுச்சு? எனக்கு அது நல்லாத்தான் செய்யுது.”

“செய்யட்டும். பாத்துட்டு ஏத்திக்கோ. உன் டாக்டருக்கு இது தெரியுமா?”

“உனக்கு எதுக்குச் சிரமம்,” என்றாள். வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 5, சனி

பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போனேன். கதவைப் பாதிதான் திறந்தாள். மறுபடி கேட்டேன். தனக்கு ஒன்றுமில்லை என்றாள். கதவில் சாய்ந்துகொண்டுதான் நின்றாள். காபி கேட்கவில்லை. ஒரு தடவைகூட.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்னும் நான் சொல்வது அதேதான். தவறு தவறுதான். ஒரு தடவை கேட்டுவிட்டு மூடக்கூடாது. இனி நடக்க வேண்டியவை:

டாக்டர் டாப்னி: மே மாதம் கிட்னியை மறுபடி பார்க்க வேண்டும். அது சரியாகியிருந்தால் வைட்டமின் பேச்சை அவரே எடுக்க வேண்டும். நான் எடுக்க மாட்டேன். எடுத்தால் ஏற்றிக்கொள்வேனா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை, ஆனால் கேட்க வேண்டியது அவர்.

கோல்பி: ரத்தம் பார்க்காமல் யார் கையையும் துடைக்கக்கூடாது. இதை நேரில் போய்ச் சொல்வேன்.

லோரன்: எப்படி இருக்கிறாய் என்று தொலைபேசியில் கேட்பதை விட்டுவிட்டு, கொட்டகைக்கு வந்து தண்ணீர் வாளியைத் தூக்க வேண்டும். வருகிறேன் என்று இன்று இரண்டாவது தடவையாகச் சொன்னான். வா என்றேன். “நிஜமாவா?” என்றான்.

நான்: தண்ணீர் குடிக்க வேண்டும். வாந்தி வந்தால் வந்தது என்று சொல்ல வேண்டும். டாக்டரிடம் மட்டும், ஊருக்கெல்லாம் இல்லை.

ஆர்டித்: ரத்தம் பார்க்க வேண்டும். அவளுடைய டாக்டரிடம் சொல்ல வேண்டும். இரண்டு தடவை கேட்டுவிட்டேன். வேண்டாம் என்கிறாள்.

நாளைக் காலை வண்டியை அவள் வாசலில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் வைத்துக்கொண்டு, மூன்றாவது தடவை கேட்பேன்.