'ஆம்' அமுக்கச் சொன்னவன்

மார்ச் 3, திங்கள்

பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் எட்டு நாள் பயிற்சி கொடுக்க என்னை அனுப்பியிருக்கிறார்கள். பன்னிரண்டு பேருக்கு ஆறு கம்ப்யூட்டர். இனி ஆர்டர், சரக்கு வரவு எல்லாம் புது மென்பொருளில்தான். பயிற்சிக்குக் கொடுத்த நகலில் பழைய தரவு, அதனால் அளவுகள் ஒத்துப்போகாது. எதைத் தட்டினாலும் ஒரு மஞ்சள் கட்டம் வந்து குதிக்கிறது: 'அளவு வழக்கத்தைவிட அதிகம். தொடரவா?' ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கினார். அதைப் படிக்கவே வேண்டாம், 'ஆம்' அமுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா நோட்டில் எழுதிக்கொண்டார்.

மார்ச் 12, புதன்

பயிற்சி முடிந்தது. நிஜத்தில் அந்தக் கட்டம் சும்மா வராது, வந்தால் படிக்க வேண்டும் – இதைச் சொல்லவே இல்லையே என்று பஸ்ஸில்தான் ஞாபகம் வந்தது. போன் பண்ணிச் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 25, செவ்வாய்

போன் பண்ணவில்லை. இன்று அவர்கள் பண்ணினார்கள். கம்பெனி வாசலில் லாரி லாரியாக வாஷர் வந்து நிற்கிறதாம். ஐந்நூறு வாஷருக்குப் பதில் ஐந்நூறு அட்டைப்பெட்டி. புது மென்பொருளில் வாஷர் பெட்டிக் கணக்கு. ஸ்டோர் அக்கா பழைய பழக்கத்தில் 500 என்று அடித்திருக்கிறார். மஞ்சள் கட்டம் வந்திருக்கிறது. 'ஆம்' அமுக்கியிருக்கிறார்.

மார்ச் 26, புதன்

மேலாளர் அறை. கட்டம் வந்ததா, படித்தீர்களா என்று அக்காவைக் கேட்டார். அக்கா என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்து, "படிக்கல சார்" என்றார். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தீர்களா என்று மேலாளர் என் பக்கம் திரும்பினார். ஆமென்று தலையை ஆட்டினேன். வாயைத் திறந்து பொய் சொல்லவில்லையாம். நல்ல சமாதானம். தூ!

மார்ச் 27, வியாழன்

சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். யாரையாவது ஏமாற்றிவிட்டு வந்தீர்களா என்று மனைவி விளையாட்டுக்குத்தான் கேட்டாள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

அக்காவை பேக்கிங்குக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். பதினாலு வருஷம் ஸ்டோர் சாவி வைத்திருந்தவர். ஏன்டா, உனக்கு நாக்கு இருக்கா இல்லையா? உன் வேலை போயிடும்னு பயம். அவங்களுது மட்டும் வேலை இல்லையா?

ஏப்ரல் 3, வியாழன்

சொல்லிவிட்டேன். மேலாளரிடம் நேரில், எங்கள் ஆபீசுக்குக் கடிதத்தில். 

வெளியே வந்து பேக்கிங் பக்கம் போனேன். அக்கா நோட்டை விரித்துக் காட்டினார். 'மஞ்சள் கட்டம் – படிக்க வேண்டாம் – ஆம். சார் சொன்னது.' தேதியும் போட்டிருந்தார். இதை அன்றைக்கே காட்டியிருக்கலாமே என்றேன்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன் சார்."

நோட்டை மூடிவிட்டு அடுத்த பெட்டிக்கு டேப் ஒட்டப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்கப் போனவன் கேட்காமலே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 21, திங்கள்

பயிற்சி வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். தப்பைத் திருத்திவிட்டு வா என்று கடைசியாக ஒரு வகுப்பு. அதே அறை, அதே பன்னிரண்டு பேர். அக்கா இடுப்பில் மறுபடியும் ஸ்டோர் சாவி. வேண்டுமென்றே தப்பான அளவை அடிக்கச் சொன்னேன். மஞ்சள் கட்டம் குதித்தது. யாரும் எதையும் அமுக்கவில்லை. அக்கா நிறுத்தி நிறுத்தி உரக்கப் படித்தார். என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை. 'இல்லை'யை அமுக்கினார்.