என் கடைக்கு வந்த உன் பார்சல்

இன்று காலை உனக்கு ஒரு பார்சல் வந்தது. நீ போய் நாலு மாதம் ஆகிறது. கூரியர்காரர் வழக்கம்போல ஸ்ரீவில்லிபுத்தூரில் என் ஹார்டுவேர் கடைக்கு வந்து, "ராஜபாளையத்து சார் சாமான்" என்று நீட்டினார். நானும் வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டேன். பேனாவை மூடிய பிறகுதான் உறைத்தது. கல்லாவில் இருந்த என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஆணிப் பெட்டிகளைப் பார்த்தேன்.

பிரித்தேன். பதினோரு வருடத்தில் உன் பார்சலை நான் பிரிப்பது இதுதான் முதல் தடவை. உள்ளே சாம்பல் நிறத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு நாற்காலி. பெல்ட்டின் மடிப்பு, மெத்தையின் தையல் எல்லாம் தெரிந்தது. மிக் போர் விமானப் பொம்மையின் விமானி அறைக்காக, ரெசின் என்ற பிசினில் வார்த்த பாகங்கள். ஆபத்து வந்தால் ஆளை வெளியே தூக்கி எறியும் நாற்காலி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு போனில் இதை ஆர்டர் செய்திருக்கிறாய், புத்தி கெட்டவனே. எந்தத் துறைமுகத்தில் தூங்கிக் கிடந்ததோ, உனக்கு அப்புறம் வந்து சேர்ந்திருக்கிறது. செத்தவனைத் திட்டக் கூடாது என்பார்கள். நாலு மாதம் பொறுத்துவிட்டேன், போதும்.

நம் கூத்தை ஊரும் தெரிந்துகொள்ளட்டும். பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் விமானக் கிட்டை அப்படியே ஒட்டுவது சின்னப் பிள்ளை வேலை என்பது உன் கட்சி. நாற்காலி, சக்கரம், எஞ்சின் வாய் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, வெளிநாட்டில் யாரோ ரெசினில் வார்த்து விற்கும் நுணுக்கமான பாகங்களை வாங்கி மாட்ட வேண்டும். விமானத்தைவிட அதன் நாற்காலிக்கு விலை அதிகம். நரைத்த மீசையை வைத்துக்கொண்டு இதை எந்த மனைவியிடம் விளக்குவது?

அதற்குத்தான் நீ அந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தாய். உன் பார்சல் என் கடைக்கு வரும், என் பார்சல் உன் வீட்டுக்கு வரும். "இது என்னுது இல்ல, அவனுது" என்று இரண்டு பேரும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யலாம். பிறகு ராஜபாளையம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் மாற்றிக்கொள்வோம். வீட்டில் கேட்டால், எல்லாம் கிட்டோடு வந்தது. பாவம், என் மனைவி உன்னையும் உன் மனைவி என்னையும் பைத்தியம் என்று நினைத்து, ஒருத்திக்காக ஒருத்தி பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நமக்குள் ஒரே ஒரு சட்டம். அடுத்தவன் பார்சலைப் பிரிக்கக் கூடாது, என்னவென்று துருவக் கூடாது. யோக்கியர்கள், சட்டத்தை மீறவே இல்லை.

நீ பேண்டேஜ் துணி ஆலையில் சூப்பர்வைசர். விரலில் அப்படி ஒரு நிதானம். ரெசின் விமானி அறை உள்ளே நுழைய வேண்டுமென்றால் விமானத்தின் உடம்பை உள்பக்கமாகச் சுரண்டி மெல்லிசாக்க வேண்டும். நீ சுரண்டிச் சுரண்டி டியூப் லைட்டுக்கு நேரே பிடிப்பாய். வெளிச்சம் ஊடுருவ ஆரம்பித்ததும் நிறுத்துவாய். நான் நிறுத்தாமல் மறுபக்கம் வந்துவிடுவேன். எதிரி சுட்ட ஓட்டை என்று சொல்லிப் பார்த்தேன். "எதிரி யாருலே, ஒன் கைதான" என்றாய்.

அவ்வளவு பாடுபட்டு உள்ளே வைத்ததை, இரண்டு பாதியையும் ஒட்டியபின் யாராலும் பார்க்க முடியாது. நான் அலுத்துக்கொண்டால், "இருக்குன்னு எனக்குத் தெரியும்லா, பொறவு என்ன" என்பாய். அதை நான் பெரிய ஞானம் என்று நாலு பேரிடம் சொல்லித் திரிந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன வருடம் உனக்கு ஒரு தட்டையான கவர் வந்தது. விறைப்பான அட்டை, எடையே இல்லை. ரெசினோடு சேர்த்து மாட்டுகிற பித்தளைத் தகடு அப்படித்தான் வரும். சட்டப்படி பிரிக்காமல், கண்ணாடியைப் போட்டு அனுப்பியவர் யார் என்றுகூடப் பார்க்காமல், பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்தேன். தகடா என்று கேட்டேன். ஆமாம் என்றாய். கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தாய். ரெண்டாவது டீ சொன்னாய். நான் அன்றைக்கு என் மச்சானைப் பற்றி ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தேன். நீ சிரித்தாய்.

அது மதுரை ஆஸ்பத்திரி ரிப்போர்ட். கணையத்தில் புற்றுநோய்.

மனைவிக்குத் தெரியாமல் நாற்காலி வாங்கக் கண்டுபிடித்த வழியில் இதையும் வரவழைத்திருக்கிறாய். அஞ்சு மாதம் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் குடல் புண் என்றாய், என்னிடம் அதுகூட இல்லை. கண் மஞ்சளான பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. நீ போனபின் உன் மேஜையில் அந்தக் கவரை எடுத்தாள் உன் மனைவி. அதன் மேல் என் கடை முகவரி. பதினாறாம் நாள் விசேஷத்தில் அவள் எனக்கு மட்டும் இலை போடச் சொல்லவில்லை. நான் அறிந்தே மறைத்தேன், முதலிலேயே சொல்லியிருந்தால் உன்னைச் சென்னைக்காவது கூட்டிப்போயிருப்பாள் என்று ஊரெல்லாம் சொன்னாள். நீ செய்த வேலைக்கு நான் குற்றவாளி.

இன்று மதியம் பார்சலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். தெரியாது, சத்தியமாகத் தெரியாது என்பதைப் பன்னிரண்டு கிலோமீட்டரும் வாய்க்குள் சொல்லிப் பழகினேன். அவள் கதவைத் திறந்தாள், வாங்க என்று சொல்லவில்லை. நாற்காலியை மேஜையில் வைத்தேன். பதினோரு வருடக் கதையையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். எந்த டப்பா யாருடையது, எது கிட்டோடு வராதது, எல்லாம். அசையாமல் கேட்டாள்.

"இனிமே பொய் சொல்லாதிய அண்ணே. அந்தக் கவரு என்னன்னு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே பேசினாள்.

"தெரியாதுன்னா, அவிய அஞ்சு மாசமும் யார்ட்டயும் சொல்லாம ஒத்தையில கெடந்திருக்காவ. நான் பக்கத்துல படுத்துக் கெடந்திருக்கேன். அத நெனச்சாத்தான் அண்ணே எனக்கு ஆறல."

"தெரியும் தாயி" என்றேன். "எங்கிட்ட மட்டும் சொன்னான்."

பிறகு அவள் என்னைத் திட்டினாளே, அது உனக்கு வந்திருக்க வேண்டியது. மனுசனா நீங்க என்றாள். இந்த வாசலை இனி மிதிக்கக் கூடாது என்றாள். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். அழுது முடித்து முகத்தைத் துடைத்தவள், மெதுவாகக் கேட்டாள்.

"பயந்தாவளா?"

"கொஞ்சம்."

"என்ன பத்தி ஏதும் சொன்னாவளா?"

சொன்னான் என்றேன். என்ன என்று கேட்பதற்குள் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டேன். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறாள். எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்க வேண்டுமாம்.

அடப்பாவி, நீ என்னோடு பேசாத அஞ்சு மாதப் பேச்சை இப்போது நான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். உன்னை நான் திட்டியது, கெஞ்சியது, டாக்டரிடம் வா என்று சட்டையைப் பிடித்து இழுத்தது, என் பேச்சு பக்கம் பக்கமாக வருகிறது. உன் பேச்சுக்கு இன்னும் ஒரு வரி கிடைக்கவில்லை.