சுந்தரிக்குப் புல் வைக்க ஓர் இடம்

6 ஜூன் 1994, திங்கள்
விடாத மழை. லாயம் முழுக்கச் சேறு. தரையில் போட்ட புல்லோடு மண்ணையும் சேர்த்துத் தின்கிறாள் சுந்தரி. குடலில் மண் தங்கினால் வயிற்றுவலி வரும், சினைக்குதிரை, குட்டிக்கும் ஆபத்து என்றார் மிருக டாக்டர். குதிரையை ஆசையாக வாங்கிக் கட்டிவிட்டு என் வீட்டுக்காரர் துபாய்க்குப் போய்விட்டார். கிடந்து சாவது நான்.

7, செவ்வாய்
உதியன்குளங்கரைப் பட்டறை. இரும்புத் தொட்டி: விலை கேட்டதும் திரும்பிவிட்டேன். பழைய லாரி டயர்: மலிவுதான், குட்டி பிறந்தால் கால் மாட்டும். வேண்டாம்.

மாலை பொழியூரிலிருந்து அண்ணன், கையில் பழைய நைலான் வலை. புல்லை அதில் கட்டித் தொங்கவிட்டால் போதுமாம். "சுறாவே அறுக்காத வலையாக்கும். உன் குதிர என்ன செய்யும்?" எனக்கும் சரியென்றே பட்டது. கடற்கரையில் பிறந்தவளுக்கு வலைமேல் என்ன சந்தேகம்? செலவும் இல்லை.

9, வியாழன்
காலையில் புல் தீர்ந்து வலை தாழ்ந்து தொங்கியிருக்கிறது. முன்காலால் தட்டியிருக்கிறாள். குளம்பு வலைக்குள். துள்ளத் துள்ள இறுகி, வயிறு அடிபட விழுந்தாள். மீன் வெட்டும் கத்தியால் அறுத்து விட்டேன். என் விரலிலும் வெட்டு.

டாக்டர் வந்து பார்த்தார். எலும்பு முறியவில்லை. குட்டியைப் பற்றி மட்டும் இப்போது சொல்ல முடியாதாம். அசைவு தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னார். இல்லை.

செய்தி கேட்டு ஓடிவந்த அண்ணனை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அறுந்த வலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

10, வெள்ளி
அசைவில்லை. புல்லும் தொடவில்லை. கையில் நீட்டினால் முகத்தைத் திருப்புகிறாள். பக்கத்து வீட்டுக்குத் துபாயிலிருந்து அவருடைய போன். குதிரை சுகமா என்றார். சுகம் என்றேன். கர்த்தாவே.

11, சனி
மழை விட்டது. டெம்போவில் அண்ணன். கடலுக்குப் போகாமல் கிடந்த தன் வள்ளத்தின் முனையை அறுத்துத் தொட்டியாக்கியிருக்கிறான். கயிற்றால் தைத்த வள்ளம். விளிம்பெல்லாம் தேய்த்து மழுக்கியிருந்தான்.

"ஆணி ஒண்ணும் இல்ல. கைய வெச்சுப் பாத்துக்கோ."

வைத்துப் பார்த்தேன். சுவரோடு சேர்த்து அசையாமல் கட்டினோம். வெகுநேரம் முகர்ந்தாள். உப்புச் சுவையோ என்னவோ, முதலில் மரத்தை நக்கினாள். அப்புறம் ஒரு வாய் புல். இன்னொரு வாய். அண்ணன் அவள் வயிற்றில் கை வைத்தபடி நின்றான். சட்டென்று என் கையைப் பிடித்து இழுத்து அங்கே வைத்தான்.

"எடி, உண்டு."